புது பல்பு ஏன் சீக்கிரம் போகிறது?

மேடையில் ஒரு பழைய ஃப்ரெனல் விளக்கு (வளையம் வளையமாக வெட்டிய லென்ஸ் உள்ள நாடக விளக்கு) அணைந்துபோனால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் மாற்றுவோம். எரியும். நாலைந்து நாடகம் போன பிறகு மறுபடி அணையும். பல்பு மட்டம் என்று முடிவு கட்டும் முன் அதைத் தாங்கும் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

1000 வாட் பல்பு 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு மின்சாரமும் பல்பின் இரண்டு பின்கள் ஹோல்டரைத் தொடுகிற சின்னஞ்சிறு இடம் வழியாகத்தான் போயாக வேண்டும். ஸ்பிரிங் இறுக்கமாக, உலோகம் சுத்தமாக இருக்கும்வரை தொல்லையில்லை. வருடக்கணக்கில் சூடாகிச் சூடாகி ஆறும்போது ஸ்பிரிங் தளர்கிறது, தொடும் இடத்தில் ஆக்சைடு படிகிறது. அங்கே மின்தடை அரை ஓம் ஏறினாலே 9 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். ஏற்கெனவே கொதிக்கும் பெட்டிக்குள், அரிசி அளவு இடத்தில் 9 வாட்! அந்தச் சூடு இன்னும் ஆக்சைடைக் கூட்டும், தடை மேலும் ஏறும். கடைசியில் பொறி பறந்து பல்பின் பின்கள் முழுக்கக் குழி விழுந்துவிடும்.

சரி, ஹோல்டர் சூடானால் பல்பு ஏன் சாக வேண்டும்? இதில் இருப்பது ஹாலஜன் வாயு அடைத்த பல்பு; அதன் உறை குவார்ட்ஸ் என்ற சூடு தாங்கும் கண்ணாடி. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் உறையில் கறுப்பாகப் படியாமல், ஹாலஜனோடு சேர்ந்து இழைக்கே திரும்ப வேண்டுமானால் உறை 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். அதைத் தாங்குவது குவார்ட்ஸ். ஆனால் அது சூட்டில் விரிவதே இல்லை என்று சொல்லலாம். உள்ளே தடிமனான கம்பியைப் பதித்தால் கம்பி விரிந்து உறையை உடைத்துவிடும். அதனால் அடிப்பகுதியில் மிக மெல்லிய மாலிப்டினம் தகடு பதிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது. அதன் பலவீனமும் அங்கேதான்: அந்த இடம் சுமார் 350 டிகிரியைத் தாண்டினால் தகடு காற்றோடு வினைபுரிந்து உப்பும், குவார்ட்ஸ் விரிசல் விடும், பல்பு முடிந்தது. கெட்ட ஹோல்டரின் சூடு பல்பின் பின்கள் வழியாக நேரே அங்குதான் ஏறுகிறது.

ஆகவே ஹோல்டரையும் பல்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்களில் குழி விழுந்த பழைய பல்பைப் புது ஹோல்டரில் செருகினால், புது ஹோல்டரும் அதே வழியில் போகும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அன்றைய நாடகத்தை ஓட்ட உதவலாம்; மேல்பூச்சும் போய்விடுவதால் நிலைக்காது.

உள்ளே இருக்கும் வயரையும் பாருங்கள். வீட்டு பிவிசி வயர் இங்கே ஆகாது, உருகிவிடும். சிலிக்கோன் அல்லது கண்ணாடி இழை உறை போட்ட வயர் வேண்டும். சாதாரண ஈயப்பற்று 183 டிகிரியிலேயே இளகுவதால் இணைப்புகளை கிரிம்ப் செய்வதே (உலோக முனையை வயர்மேல் நசுக்கிப் பிடிக்கவைப்பதே) முறை.

ஒரு எச்சரிக்கை. லண்டனின் ஸ்ட்ராண்ட் எலெக்ட்ரிக் 1953-ல் கொண்டுவந்த பேட்டர்ன் 23 போன்ற விளக்குகளின் வார்ப்பு அலுமினிய உடம்பு இன்றும் கெடாமல் இருக்கும். ஆனால் அந்தக் காலத்து விளக்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) சுற்றிய வயர் இருக்கலாம். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் பிரியும் வயரைக் கண்டால் சுரண்டவும் ஊதவும் கூடாது. மூடி வைத்துவிட்டு, அதை அகற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

புது பல்பை வெறும் விரலால் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு சூட்டில் குவார்ட்ஸை வெளுக்கச் செய்து பலவீனமாக்கும். தொட்டுவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். லென்ஸை ஆறிய பிறகே துடைக்க வேண்டும். சூட்டில் ஈரத்துணி பட்டால் விரிசல் விடும்.

எல்லாம் பூட்டிய பிறகு மின்தடை அளக்கும் மீட்டரின் ஒரு முனையை விளக்கின் உடம்பிலும் மற்றதை பிளக்கின் எர்த் பின்னிலும் வையுங்கள். தடை கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த விளக்கு கம்பத்தில் ஏறக் கூடாது. அப்புறம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை மெதுவாக ஏற்றுங்கள். குளிர்ந்த இழையின் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சட்டென்று முழு மின்சாரம் கொடுத்தால் அந்த நொடியில் பல மடங்கு ஆம்பியர் பாயும். முதலில் மங்கலான சிவப்பு தெரியும். அதில் அரை நிமிடம் விட்டு, பிறகு மேலே போகலாம்.