ராம் விழிக்கும் முன்பே ஓடும் நிரல்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “2012-ஆம் ஆண்டுச் சிறிய மேசைக் கணினி ஒன்று வைத்திருக்கிறேன். லினக்ஸ் போட்டாகிவிட்டது. பயாஸையும் நீக்கிவிட்டு கோர்பூட் போடலாம் என்கிறார்கள். என் கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது அது புதிதாக என்ன செய்துவிடும்?”

லினக்ஸ் வருவதற்கு முன் ஓடும் நிரலை நாம் யாரும் பார்ப்பதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த பயாஸ் மூடிய பெட்டி. அதைத் திறந்த நிரலால் மாற்றும் முயற்சி 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2008-இல் கோர்பூட் ஆனது. நூற்றுக்கணக்கான கணினிகளைக் கோத்து ஆய்வு நடத்துபவர்களுக்கு, விசைப்பலகை இல்லை என்று சொல்லி நின்றுவிடும் பயாஸ் பெரிய தலைவலி. பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வகம் தன் சொந்தத் தேவைக்கு எழுதிய நிரல் இன்று வீட்டுக் கணினி வரை வந்திருக்கிறது. “இந்த ஆய்வால் உடனடிப் பயன் என்ன?” என்று கேட்டே நிதியை வெட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி உள்ளே போவோம். பொத்தானை அழுத்தியதும் இன்டெல் செயலி தன் முதல் கட்டளையை 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள முகவரியில் தேடும். அங்கே ராம் கிடையாது. தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும், பயாஸ் குடியிருக்கும் ஃபிளாஷ் சிப்பின் கடைசிப் பகுதிதான் அந்த முகவரியில் தெரியும். 16 பைட்டில் என்ன எழுத முடியும்? வேறிடத்துக்குத் தாவச் சொல்லும் ஒரு கட்டளை, அவ்வளவுதான்.

சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது. ராம் செருகியிருக்கிறது, ஆனால் அதில் ஒரு எழுத்தைக்கூட நம்பி வைக்க முடியாது. முதலில் அதைப் பழக்க வேண்டும், அதாவது அதன் கம்பிகளின் நேரக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். பழக்கும் நிரலோ ஆயிரக்கணக்கான வரிகள் நீளும். சி மொழியில் எழுதிய எந்த நிரலுக்கும் மாறிகளை வைக்கவும், ஒரு செயற்கூறு முடிந்தால் எங்கே திரும்புவது என்று குறித்து வைக்கவும் இடம் வேண்டும். அந்த இடம் ராமில்தான் இருக்கும். ராமை எழுப்ப நிரல் வேண்டும், நிரல் ஓட ராம் வேண்டும்.

ஆரம்பத்தில் இதற்காகவே ரோம்சிசி என்ற தனி நிரல்மாற்றியை (கம்பைலரை) எழுதினார்கள். எல்லா மாறிகளையும் செயலிக்குள் இருக்கும் மிகச் சிறிய சேமிப்பிடங்களான ஒருசில பதிவேடுகளுக்குள்ளேயே அடக்கி ஓட்டும் அசாத்திய வேலை அது. பிறகு வந்த வழிதான் எனக்கு இன்றும் வியப்பு தருவது: செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷையே ராமாக்கிவிடுவது.

கேஷின் வேலை ராமின் நகலை வைத்திருப்பது. செயலி எதையாவது எழுதினால் அது முதலில் கேஷில் மட்டும் பதியலாம். இடம் போதாமல் அந்த வரியை (கேஷ் ஒரே மூச்சில் கையாளும் சிறு துண்டை) வெளியே தள்ளும்போது ராமுக்குப் போனால் போதும். கோர்பூட் இந்த இடைவெளிக்குள் நுழைகிறது. ஒரு முகவரிப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, இது கேஷ் செய்யத்தக்கது என்று செயலியிடம் அறிவிக்கிறது. ஒவ்வொரு வரியையும் ஒருமுறை தொட்டுக் கேஷுக்குள் கொண்டுவருகிறது. பிறகு, எந்த வரியையும் வெளியே தள்ளாதே என்ற நிலைக்குச் செயலியை மாற்றுகிறது. இனி அந்த முகவரிகளில் எழுதலாம், படிக்கலாம். பின்னால் ராம் இன்னும் உறங்குகிறது; நகல் மட்டும் இருக்கிறது, அசல் இல்லை. செயலிக்கு அந்த வேறுபாடு தெரியாது. அந்தச் சிறு இடத்தில் நின்றுகொண்டுதான் ராமை எழுப்பும் முழு நிரலும் ஓடுகிறது.

எழுப்புவதும் எளிதல்ல. 1600 வேக டிடிஆர்3 ராமில் ஒரு பிட் கம்பியில் நிற்கும் நேரம் 625 பிக்கோ நொடி. அதற்குள் ஒளியே ஏறக்குறைய 19 செ.மீ. தான் போகும்; பலகையின் செம்புத் தடத்தில் மின்குறிப்பு அதில் பாதியளவே கடக்கும். எனவே கம்பிகளின் நீள வேறுபாடுகூடக் கணக்கில் வருகிறது. கோர்பூட் தெரிந்த ஒரு வடிவத்தை ராமில் எழுதி, திரும்பப் படித்து, தாமதத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பார்க்கிறது. வானொலியில் நிலையத்தைத் தேடுவது போலத்தான்: குரல் தெளியும் இடம், மீண்டும் கலங்கும் இடம், இரண்டுக்கும் நடுவில் முள்ளை நிறுத்துவது. ஒவ்வொரு பைட் தடத்துக்கும் தனித்தனியாக இது நடக்கிறது. சாண்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜ் என்ற 2011, 2012 காலத்து இன்டெல் செயலித் தலைமுறைகளுக்கு இந்த நிரலை ஆர்வலர்கள், ஓடிக்கொண்டிருந்த மூடிய நிரலைப் பின்தொடர்ந்தே எழுதினார்கள். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ராம் எழுந்த பிறகு நடப்பது வழக்கமான கதை. கருவிகளை வரிசைப்படுத்திவிட்டு, லினக்ஸை ஏற்றிவிடும் சீபயாஸுக்கோ கிரப்புக்கோ பொறுப்பைக் கொடுத்து கோர்பூட் ஒதுங்கிக்கொள்ளும்.

பழைய கணினி என்பது இங்கே ஒரு வசதி. 2013-இல் ஹாஸ்வெல் செயலித் தலைமுறையோடு வந்த பூட் கார்டு என்ற பூட்டைத் தயாரிப்பாளர் இயக்கிவிட்டிருந்தால், அவர் கையொப்பமிடாத ஃபர்ம்வேரை (பயாஸ் போன்ற தொடக்க நிரலை)ச் செயலி ஏற்காது. விலை கொடுத்து வாங்கியவர் தன் பொருளில் எதை ஓட்டுவது என்று முடிவு செய்ய முடியாத நிலையை நான் ஏற்கவில்லை.

நிறுவுவதற்கு முன் உங்கள் பலகையின் துல்லியமான மாதிரி எண் கோர்பூட் அல்லது அதை அடிப்படையாகக் கொண்ட லிப்ரெபூட் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து மாதிரி போதாது. மின்கம்பியைக் கழற்றி, எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பின் மூலையில் உள்ள சிறு புள்ளியைத் தேடுங்கள். அதுதான் முதல் கால். சிப்பைக் கவ்வி எழுதுகருவியோடு இணைக்கும் கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும். பெரும்பாலும் இவை 3.3 வோல்ட் சிப்கள். சிப்பில் எழுத உதவும் மலிவான சில எழுதுகருவிகள் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் அனுப்பும், அவற்றைத் தவிர்க்கவும். ஃபிளாஷ்ரோம் என்ற மென்பொருளைக் கொண்டு சிப்பை இருமுறை படித்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் கிளிப் சரியாகப் பதியவில்லை என்று பொருள். எழுதத் தொடங்க வேண்டாம். ஒன்றாக இருந்தால் அந்த நகலை வேறொரு கணினியில் பத்திரப்படுத்துங்கள். பயாஸைத் தொட்டாலே கணினி போய்விடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அசல் நகலும் கிளிப்பும் கையில் இருக்கும்வரை அந்தப் பயத்துக்கு அடிப்படை குறைவு.

சிப் முழுவதையும் அழிக்காதீர்கள். அதில் பயாஸ் பகுதி தவிர, வலைப்பின்னல் முகவரி உள்ள பகுதியும், இன்டெலின் மேலாண்மை இயந்திரம் என்ற மூடிய நிரலும் இருக்கின்றன. பின்னதை முற்றிலும் நீக்கினால் இந்தத் தலைமுறைக் கணினிகள் 30 நிமிடத்தில் தாமாகவே அணைந்துவிடும். மீகிளீனர் என்ற கருவியால் அதைச் சுருக்கத்தான் முடியும். ஆகவே கோர்பூட் போட்டாலும் உங்கள் கணினி நூறு சதவீதம் திறந்ததாகிவிடாது.

முதல்முறை இயக்கும்போது திரை சற்று நேரம் இருண்டே இருக்கும். பதறி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம். மேலே சொன்ன பழக்கல் அப்போதுதான் நடக்கிறது. கிடைத்த அளவுகளை கோர்பூட் ஃபிளாஷிலேயே சேமித்துவைக்கும், எனவே அடுத்த முறை விரைவாக எழும். ராம் அட்டையை மாற்றினால் மட்டும் மீண்டும் அதே காத்திருப்பு.