பழைய மூங்கில் ராடை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி

இங்கிலாந்துல பழைய ஸ்ப்ளிட் கேன் தூண்டில் ராடு ரிப்பேர் பண்றதுதான் என் பொழப்பு. பட்டறைக்கு வர்ற உடைஞ்ச ராடுல மீன் இழுத்து உடைஞ்சது ரொம்பக் கம்மி, மிச்சமெல்லாம் ஈரம், பூண் (ராடு துண்டுங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேர்ற பித்தளை மூட்டு), அவசரம் இந்த மூணும் செஞ்ச வேலை. பழசாச்சே, அலமாரில பூட்டி வைங்கன்னு சொல்ற ஆள் நான் இல்ல. டென்ச், ரோச், சப், பார்பல்னு சால்மன் ட்ரவுட் கணக்குல சேராத மீனுங்களைப் பிடிக்கத்தான் இதெல்லாம் செஞ்சாங்க, தாராளமா பிடிங்க.

இது முழு மூங்கில் கிடையாது. சீனாவுல குவாங்டாங் பக்கம் விளையுற டோங்கின் மூங்கிலைப் பிளந்து, முக்கோணமா சீவின ஆறு பட்டையை ஒட்டின கம்பு (அதுக்கும் முந்தி கல்கத்தாவுலேர்ந்து கப்பல் ஏறின நம்ம மூங்கில்தான், அது தனிக்கதை). பேர் போன தூண்டில்காரர் ரிச்சர்ட் வாக்கர் 1952ல ரெட்மையர் குளத்துல 44 பவுண்டு கார்ப் பிடிச்சாரே, அது அவரே டிசைன் பண்ண மார்க் ஃபோர் மூங்கில் ராடுலதான். அதனால மூங்கிலைச் சந்தேகப்படாதீங்க, பசையைச் சந்தேகப்படுங்க. ரொம்பப் பழசுல விலங்குப் பசை, தண்ணி உள்ள இறங்கினா விட்டுக்கும். வாங்கும்போது வார்னிஷுக்கு அடியில ஒட்டுக் கோடு கருத்திருக்கான்னு பாருங்க, லேசா வளைச்சா டிக்னு சத்தம் வந்தா வேணாம். நரம்பு, அதாவது தூண்டில் இழை, ஓடற அகேட் கல் வளையம் இருந்தா பஞ்சை விட்டுச் சுத்துங்க, பஞ்சு மாட்டினா கல்லுல விரிசல், நரம்பை அறுத்துடும். நுனி கொஞ்சம் வளைஞ்சே நின்னா பரவால்ல, விலையைக் குறைச்சுக் கேளுங்க.

அதிகமா நாசமாகறது பூண்கிட்டதான். ரெண்டு துண்டையும் திருகிக் கழட்டவே கழட்டாதீங்க, பித்தளை அசையாது, உள்ள இருக்கற மூங்கில்தான் முறுக்கி ஒட்டு விடும். இறுகிட்டா ராடை ரெண்டு முழங்காலுக்குப் பின்னாடி குறுக்க வெச்சு, பூணுக்கு ரெண்டு பக்கமும் கையால பிடிச்சுக்கிட்டு முழங்காலை வெளிப்பக்கமா விரிங்க, நேரா வந்துடும், பக்கத்துல நிக்கறவன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். பிளையர் பட்ட பூணைப் பாத்தா எனக்கு அன்னிக்குச் சோறு இறங்காது. கிரீஸும் வேணாம், மண்ணு ஒட்டும்.

டெஸ்ட் கர்வ்னா நுனியை 90 டிகிரி வளைக்கத் தேவையான எடை. மார்க் ஃபோருக்குச் சுமார் ஒன்றரை பவுண்டு. அதை அஞ்சால பெருக்கினா ஏழரை பவுண்டு தாங்கற நரம்பு, பவுண்டுக்கு ஒரு அவுன்ஸ்னு வீசற எடை ஒன்றரை அவுன்ஸ், அவ்வளவுதான் கணக்கு. பின்னல் நரம்பு வேணவே வேணாம். தூண்டில் முள்ளு எங்கயாவது சிக்கினா ராடை வளைச்சு இழுக்காம, நரம்பு போற திசைக்கு நேரா நீட்டிட்டு, துணி சுத்தின கையால நரம்பைப் பிடிச்சு இழுங்க. மீன் கிட்ட வந்ததும் ராடைச் செங்குத்தா தூக்கிக் காலடிக்கு இழுக்கறதும் நுனிக்கு எமன்.

கார்பன் ராடுதான் கரண்ட் கடத்தும், மூங்கில் சேஃப்னு பலபேர் நம்பறாங்க, நனைஞ்ச மூங்கிலும் நனைஞ்ச நரம்பும் கடத்தும்ங்க. மேல கரண்ட் கம்பி போனா 30 மீட்டர் தள்ளியே உக்காருங்க.

ஏலத்துல ராடோட சேர்ந்து வர்ற பழைய டப்பாவுல ஈயக்குண்டு கிடந்தா நரம்புல மாட்டிடாதீங்க. 0.06 கிராம்லேர்ந்து 28.35 கிராம் வரைக்கும் ஈயத்துக்கு இங்க 1987லேர்ந்து தடை, அன்னப்பறவைங்க அதை முழுங்கிச் செத்துச்சுங்க.

வீட்டுக்கு வந்ததும் துடைச்சு, ராத்திரி முழுக்கக் காத்தாட விட்டு, காஞ்ச துணிப்பையில போட்டுத் தொங்க விடுங்க, ஹீட்டர் பக்கம் மட்டும் வேணாம். வார்னிஷ், நூல்கட்டு வேலை இருந்தா குளிர்காலத்துலயே குடுத்துடுங்க. ஆத்துல மீன் பிடிக்கற சீசன் இங்க ஜூன் 16 திறக்குது, மே மாசம் எல்லாரும் ஒண்ணா வந்து நின்னா எந்தப் பட்டறையிலயும் வார்னிஷ் சீக்கிரம் காயாது.