தாண்டும் முன் ஒரு குரல்

கொடைக்கானலில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மணிக்கட்டு முறிந்து வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, "எப்படி விழுந்தீங்க?" என்பதுதான். போன பனிக்காலத்தில் வந்த 68 வயது அம்மா சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. "யாரும் இடிக்கலைம்மா. பின்னாடி இருந்து ஒரு பையன் ஓடி வந்து உரசுற மாதிரி தாண்டிப் போனான். திடுக்குனு திரும்பினேன், கால் தடுக்கிருச்சு."

ஏரியைச் சுற்றி, மூடுபனியில் காலை ஆறரை மணிக்கு நடந்தது இது. விழும்போது கையை ஊன்றத்தான் செய்வோம். உடம்பின் பாரம் அப்படியே மணிக்கட்டில் இறங்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வலுவிழப்பதால் அந்த இடம் எளிதில் முறியும். அவருக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது விரல்கள் மரக்கட்டை மாதிரி இருந்தன. ஈரத்துணியைப் பிழிய வைத்துத்தான் பயிற்சியைத் தொடங்கினேன். மறுபடி தோசையைத் திருப்பிப் போட்ட அன்று அழுதுவிட்டார். அந்தப் பையனுக்கு இது எதுவுமே தெரிந்திருக்காது.

அதனால் ஓடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பத்துப் பதினைந்து அடி இருக்கும்போதே "இடது பக்கம் வர்றேங்க" என்று குரல் கொடுங்கள். காதருகே வந்து கத்தினால் அதுவே ஆளைத் தள்ளிவிடும். தாண்டும்போது ஒரு கை நீளமாவது விலகிப் போங்கள். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். ஏரிச் சுற்று சுமார் 5 கிலோமீட்டர். அதில் குதிரையும் வாடகை சைக்கிளும் காரும் நம்மோடுதான் வருகின்றன. நடப்பவர்கள் நாலு பேர் வரிசைகட்டி வழியை அடைக்காமல், எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி வலது ஓரமாகப் போவது நல்லது.

காட்டுமாடு நின்றால் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். நீங்கள் எப்படியோ தாண்டி ஓடிவிடுவீர்கள். ஆனால் மிரண்ட மாடு பின்னால் மெதுவாக வருகிற பெரியவர் பக்கம் திரும்பினால் அவர் எங்கே ஓடுவார்?

கீழே சமவெளியில் இருந்து வரும் நண்பரைக் கூட்டிப் போகிறவர்களும் கவனியுங்கள். ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியில் இருப்பதைவிடக் குறைவு. அவரால் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டியது நீங்கள்தான்.

எனக்கு அதிகம் வலிப்பது இன்னொன்று. முட்டிவலிக்காக நடக்கச் சொல்லி ஒரு பெண்ணை அனுப்பினேன். பருத்த உடம்பு, நைந்த செருப்பு, மேலே ஸ்வெட்டர். மூன்றாம் நாளே நின்றுவிட்டார். கேட்டால், தினமும் ஓடுகிற ஒருவர் பக்கத்தில் வந்து, "இப்படி நடந்தா ஒரு கிலோகூட இறங்காதும்மா" என்றாராம். நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பெண் நடந்தது எடைக்காக அல்ல, வலியில்லாமல் படியேற. அவரைத் திரும்ப நடக்க வைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

புதிதாக நடக்க வந்தவரிடம் ஏதாவது சொல்லத் தோன்றினால், "இன்னிக்குக் குளிர் ஜாஸ்திங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். மறுநாளும் அவர் வருவார்.