பயந்த நண்பனைப் பாறை விளிம்புக்கு இழுக்காதீர்கள்

கொடைக்கானலில் கூட்டம் சேரும் மாதங்கள் முடிந்ததும் எங்கள் மனநலப் பிரிவுக்கு ஒரே மாதிரியான கதையோடு ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் வந்தவர் ஓர் இளைஞர். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸுக்கு நண்பர்களோடு இறங்கியிருக்கிறார். மரவேர்களில் கால் வைத்து, பாதை முழுக்க நன்றாகத்தான் போயிருக்கிறார். பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறையைப் பார்த்ததும் கால் நகரவில்லை. "ஒண்ணும் ஆகாது மச்சி, வா" என்று இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் வீடியோ எடுக்க, இவர் குப்புறப் படுத்துப் பாறையைப் பற்றிக்கொண்டார். விரல் விரலாகப் பிரித்துத்தான் எழுப்ப முடிந்ததாம். இப்போது பைக்கில் மேம்பாலம் ஏற முடியவில்லை. அலுவலக மாடியில் ஜன்னல் ஓரம் உட்கார முடியவில்லை. மலைக்குப் போகும் முன் இந்த இரண்டும் அவருக்குப் பிரச்சினையே இல்லை.

இழுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒரு தடவை விளிம்பில் நிறுத்திவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று உண்மையாகவே நம்பியவர்கள். கிணற்றில் தள்ளிவிட்டால் நீச்சல் வந்துவிடும் என்கிற அதே நம்பிக்கை. எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

பயப்படும் இடத்துக்குப் போய்ப் பழகுவதுதான் உயர பயத்துக்கு நல்ல சிகிச்சை. நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் எவ்வளவு தூரம் போவது, எங்கே நிற்பது என்பதைப் பயப்படுபவர் முடிவு செய்ய வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றால் படபடப்பு ஏறும், உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானாக இறங்கும். அது இறங்குவதை அவர் அனுபவித்தாக வேண்டும், அதுவும் பல தடவை. இழுத்துக்கொண்டு போனால் என்ன நடக்கிறது? உச்சத்தில் இருக்கும்போதே அலறிக்கொண்டு திரும்பி ஓடுகிறார். ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை பதிந்துகொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்கிறது.

ஜெர்மன் கவிஞர் கதேவுக்கு இளமையில் இந்தப் பயம் இருந்தது. ஸ்ட்ராஸ்பர்க் பேராலயக் கோபுரத்தில் தானாகவே, தனியாக, திரும்பத் திரும்ப ஏறிப் பழகித்தான் அதிலிருந்து மீண்டார். யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை.

"கோழை" என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். 2013-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், ஏறக்குறைய 28 சதவீதம் பேர் உயரத்தில் நிற்கச் சிரமப்பட்டதாகச் சொன்னார்கள். பக்கத்தில் கண்ணுக்குப் பிடிமானம் இல்லாத இடத்தில் எல்லோருடைய உடம்பும் கொஞ்சம் கூடுதலாகவே ஆடும். "மயங்கி விழுந்துடுவேன் டாக்டர்" என்பார்கள். இந்தப் பயத்தில் மயக்கம் வருவது அபூர்வம். ஊசியையும் ரத்தத்தையும் பார்த்து மயங்குபவர்கள் வேறு ரகம்.

ஆகவே, உங்களுக்கு இந்தப் பயம் இருந்தால், கிளம்பும் முன்பே அதை நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். கோக்கர்ஸ் வாக்கில் தொடங்குங்கள். கம்பித் தடுப்பு உண்டு, 1872-இலேயே போட்ட நடைபாதை. அங்கே மனசு அடங்கும்வரை நில்லுங்கள். அப்புறம் தூண் பாறை. டால்பின் நோஸ் இந்தப் பயணத்தில் வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம், அவ்வளவுதான். நடுக்கம் வந்தால் உட்காருங்கள், பாறையிலோ மரத்திலோ கை வையுங்கள், பக்கத்தில் அசையாத ஒன்றைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு நிற்காதீர்கள், தள்ளாட்டம் கூடும். தைரியத்துக்கென்று குடித்துவிட்டு ஏறுவதை எப்படித்தான் மன்னிப்பது? குடித்த கால் பாறையில் நிற்காது. பயமே இல்லாதவர்களுக்கும் சொல்கிறேன்: விளிம்பில் செல்ஃபி வேண்டாம்.

கூட இருப்பவர்களே, உங்களில் ஒருவர் பயப்படுபவரோடு விளிம்பிலிருந்து தள்ளி உட்கார்ந்திருங்கள். தயவுசெய்து அந்த நேரத்தில் வீடியோ எடுக்காதீர்கள், எடுத்திருந்தால் அழித்துவிடுங்கள். எங்களிடம் வருபவர்கள் பாறையைவிட அந்த வீடியோவைப் பற்றித்தான் அதிகம் அழுகிறார்கள்.

மாடிப்படி, பால்கனி, மேம்பாலம் வரை பயம் வந்துவிட்டால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். படுக்கையில் புரண்டாலே உலகம் சுற்றுகிறதா? அது பெரும்பாலும் காது சம்பந்தப்பட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.