கன்சர்வன்சி: பேணுநிலம்

கென்யாவின் மாடு மேய்க்கும் மசாய் மக்களைப் பற்றிய செய்திகளில், அவர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய செய்திகளிலும்கூட, கன்சர்வன்சி என்ற சொல் அடிக்கடி வரும். நமக்கும் இது பழகிய சொல்தான். நகராட்சி அலுவலகங்களில் துப்புரவுப் பிரிவுக்கு நெடுங்காலம் இதுதான் பெயர். அந்தப் பொருளோடு, காட்டுயிர்கள் நிறைந்த கென்யப் பகுதியான மசாய் மாராவைப் பற்றிப் படித்தால் ஒன்றும் விளங்காது. அங்கே அதன் பொருள் என்ன, தமிழில் அதை எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம்.

வேர் இலத்தீன். 'செர்வாரே' என்றால் காத்தல். 'கொன்' என்ற முன்னொட்டு சேர்ந்தால் கெடாமல் பேணுதல். ஆங்கிலேயர் இதை ஆற்றையும் துறைமுகத்தையும் பராமரிக்கும் அமைப்புகளுக்கு வைத்தார்கள். 1857-இல் உருவான தேம்ஸ் கன்சர்வன்சி அப்படி ஒன்று. இந்தியாவில் அது ஊரைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலையைக் குறித்தது. ஆப்பிரிக்காவின் தெற்கிலும் கிழக்கிலும் காட்டுயிர்களைப் பேணும் நிலம் என்ற பொருள் நிலைத்தது. நமீபியா 1996-லும் கென்யா 2013-லும் அதற்குச் சட்ட இடம் தந்தன.

கென்யச் சட்டப்படி, தனியாரோ நிறுவனமோ பல உடைமையாளர்கள் சேர்ந்தோ ஒரு சமூகமோ தம் நிலத்தைக் காட்டுயிர்களுக்காக ஒதுக்கலாம். நிலம் அவர்களுடையதாகவே இருக்கும். இந்தச் சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மசாய் மாரா தேசியக் காப்பகத்தைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்கள் முன்பு கூட்டு உடைமையாக இருந்தன. பிறகு குடும்பங்களுக்குத் தனித்தனிப் பட்டாவாகப் பிரிந்தன. ஆளுக்கொரு வேலி போட்டால் விலங்குகள் போக வழியில்லை. எனவே பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து, நிலத்தைச் சுற்றுலா முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். 2006-இல் ஓலாரே ஓரோக், 2010-இல் நபோய்ஷோ என்று கன்சர்வன்சிகள் அமைந்தன. நபோய்ஷோ என்றால் மசாய்களின் மா மொழியில் ஒன்றுசேர்தல்.

சரி, இதில் பள்ளிக்கூடம் எங்கே வருகிறது? மசாய் குடும்பத்தின் சேமிப்பு மாடு. கட்டணம் கட்ட வேண்டிய நாளில் ஒரு மாட்டை விற்பார்கள். வறட்சி வந்தால் மாடு மெலியும், சந்தையில் விலை விழும், பள்ளிக் கட்டணம் மட்டும் குறையாது. குத்தகைப் பணமோ மழையைப் பார்த்து வருவதில்லை. கென்யாவில் தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டணமில்லாதது என்றாலும் சீருடை, புத்தகச் செலவு உண்டு. உயர்நிலைப் பள்ளி தொலைவில் இருந்தால் விடுதிச் செலவும் சேரும். யானையும் எருமையும் நடமாடும் பாதையில் பிள்ளையைத் தனியே அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? அந்தச் செலவுக்கு மாதந்தோறும் வரும் தொகை பெரிய ஆதாரம்.

பணம் மட்டுமல்ல, வேலையும் எழுத்தறிவு தருகிறது. கென்யாவின் தெற்கிலுள்ள அம்போசெலி பகுதியில் 2007-இல் தொடங்கிய 'லயன் கார்டியன்ஸ்' அமைப்பு, சிங்க வேட்டை மரபில் வளர்ந்த மசாய் இளைஞர்களையே சிங்கக் காவலர்களாக்கியது. தடங்களைக் குறித்துவைக்க வேண்டுமே, அதனால் பள்ளிக்குப் போகாதவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

குறைகளும் உண்டு. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால் குத்தகையும் அவர்கள் கைக்கே போகிறது. மகளைப் படிக்கவைப்பது அப்பாவின் மனதைப் பொறுத்ததாகிவிடுகிறது. மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு உண்டு. 2020-இல் கொரோனாவால் சுற்றுலா நின்றபோது பல இடங்களில் குத்தகைத் தொகையும் குறைந்தது. குத்தகையோடு தனிக் கல்வி நிதியும் இருந்தால்தான் பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து.

இனி, தமிழில் என்ன சொல்வது? சரணாலயம் என்றால் விலங்குகள் அடைக்கலம் புகுந்த இடம். காப்பகம் என்றதும் நமக்கு வனத்துறைதான் நினைவுக்கு வரும். இரண்டிலும் நிலக்காரர் காணாமல் போகிறார். இந்தியச் சட்டத்தில் 2002 திருத்தம் கொண்டுவந்த சமூகக் காப்பகம் ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் குத்தகை ஏற்பாடு அதன் அடிப்படை அல்ல. நான் பரிந்துரைப்பது பேணுநிலம். பேணிய நிலம், பேணுகின்ற நிலம், பேணும் நிலம் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. பேணுநிலக் குத்தகை, பேணுநிலக் கல்வி நிதி என்று தொடரவும் எளிது. ஊர்ப் பொது நிலமென்றால் சமூகப் பேணுநிலம் எனலாம். தனிப் பட்டாக்களை இணைத்தது கூட்டுப் பேணுநிலம். நபோய்ஷோ இந்த வகை.