ஒரே முகவரி, இரண்டு எண்ணிக்கை

ஜார்ஜ்டவுனில் தங்கும் விடுதி நடத்தும் வாசகர் கேட்கிறார்: "எங்கள் வைஃபைக்குக் கடவுச்சொல் இல்லை. கூப்பன் எண்ணைக் கொடுத்தால்தான் இணையம் திறக்கும். ஒரு விருந்தினரின் 5 ஜிபியை யாரோ தீர்த்துவிட்டார்கள். கூப்பனை அவர் யாரிடமும் காட்டவில்லையாம். எப்படி நடந்தது?"

கூப்பனே தேவைப்பட்டிருக்காது. எண்ணை ஒருமுறை சரிபார்த்த பிறகு, இத்தகைய அமைப்பு பெரும்பாலும் கைப்பேசியின் மேக் முகவரியைத்தான் (வைஃபையில் கருவியை அடையாளம் காட்டும் எண்) நினைவில் வைக்கிறது. 48 பிட் கொண்ட அந்த முகவரி காற்றில் அப்பட்டமாகப் போகிறது. டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறையைப் போட்டாலும் அது மறையாது. அதை ஒட்டுக்கேட்டு, தன் மடிக்கணினிக்கு வைத்துக்கொள்வது இரண்டு மூன்று கட்டளை வேலை. மேக் பட்டியலை நம்புவதும் வைஃபை பெயரை ஒளிப்பதும் கடை வாசலில் எலுமிச்சை மிளகாய் கட்டுவது மாதிரி. கட்டியவருக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

ஆனால் திருடன் மாற்ற மறக்கும் எண் ஒன்று உண்டு. வைஃபையில் போகும் ஒவ்வொரு தரவு ஃபிரேமிலும் (தரவு அனுப்பப்படும் சிறு பொட்டலம்) 12 பிட் வரிசை எண் இருக்கும். 0 முதல் 4095 வரை ஏறி, மறுபடி 0. இதைப் போடுவது பெரும்பாலும் வைஃபை சில்லின் உள்நிரல். மேக் முகவரியை மாற்றினாலும் இந்த எண்ணிக்கை தன் போக்கில் ஓடும். ஆக, ஒரே முகவரியில் இருவர் பேசினால் 812, 813, 2950, 814, 2951, 815 என்று இரண்டு ஓட்டங்கள் பின்னிக்கொண்டு வரும். ஒரே வகைத் தரவுக்குள் ஒரே கருவி இப்படி முன்னும் பின்னும் தாவாது.

பார்க்க, மானிட்டர் மோடு (சுற்றிலும் போகும் ஃபிரேம்களை எல்லாம் கேட்கும் நிலை) உள்ள வைஃபை அடாப்டரும், அவற்றைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளும் போதும். உங்கள் ரவுட்டரின் சேனலிலேயே அடாப்டரை நிறுத்துங்கள். சேனல் தாவினால் பாதி ஃபிரேம் தவறும். அனுப்பும் கருவியின் முகவரியை வைத்து வடிகட்டி, வரிசை எண்ணையும் சிக்னல் அளவையும் தனிப் பத்திகளாக வையுங்கள். மறுமுறை அனுப்பிய ஃபிரேமுக்கு அதே எண்தான் வரும், பதற வேண்டாம். குரல், காணொளி, சாதாரணத் தரவு என முன்னுரிமை வகைக்கொரு தனி எண்ணிக்கை உண்டு. இதை மறந்தால் நல்ல விருந்தினரையே திருடனாக்கிவிடுவீர்கள். ஒரே வகைக்குள் ஒப்பிடுங்கள். ஓர் ஓட்டத்தின் சிக்னல் −45 டிபிஎம் (சிக்னல் வலுவின் அலகு), மற்றது −72 என்றால் சந்தேகம் வலுக்கும்.

விருந்தினர் வெளியே போனபின் திருடன் வந்தால் பின்னல் இருக்காது. ஒரே ஒரு தாவல்தான், கைப்பேசியை அணைத்து மறுபடி போட்டாலும் அப்படித்தான் தெரியும். அதனால் அறைக்கொரு கடவுச்சொல் கொடுத்து, தரவுக் கணக்கை மேக்கோடு கட்டாமல் அந்தக் கடவுச்சொல்லோடு கட்டுங்கள். மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை; வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.