சாதர் பனியாற்றில் கேமரா: பேட்டரிக்குச் சூடு, லென்ஸுக்குக் குளிர்

லடாக்கின் ஜான்ஸ்கர் ஆறு ஜனவரி, பிப்ரவரியில் மேலே உறைந்து நடைபாதையாகிவிடும். அந்தப் பனிப்படலத்துக்குச் சாதர் என்று பெயர்; விரிப்பு, போர்வை என்று பொருள். கால்களுக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே நாள்கணக்கில் நடக்க வேண்டும். இரவில் வெப்பநிலை −25 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும். வழியில் மின்சாரம் கிடையாது. இதைப் படம்பிடிக்கக் கொண்டுபோகும் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் கையேட்டில் 'இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை' என்றுதான் அச்சிட்டிருக்கும்.

ஆனாலும் கேமரா பாடி குளிரில் எளிதில் செத்துவிடுவதில்லை. படப்பிடிப்பைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டுதான்: பேட்டரி, நீராவி. பேட்டரியைச் சூடாக வைக்க வேண்டும். கேமராவையும் லென்ஸையும் குளிரிலேயே விட்டுவிட வேண்டும். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். கேமராவை ஜாக்கெட்டுக்குள் அணைத்துக்கொண்டு, உபரி பேட்டரிகளை முதுகுப்பையின் வெளி அறையில் போட்டுவிடுகிறார்கள்.

லித்தியம் அயனி பேட்டரிக்குள் மின்பகுளி என்ற திரவம் இருக்கிறது. அயனிகள் அதன் வழியாகத்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கின்றன. குளிரில் அந்தத் திரவம் தடிக்கிறது, அயனிகளின் நடை மெதுவாகிறது, பேட்டரியின் அகமின்தடை கூடுகிறது. வீடியோ எடுக்கும்போது கேமரா நிறைய மின்னோட்டம் கேட்கும். தடை கூடிய பேட்டரியில் அந்த மின்னோட்டம் பாயும்போது மின்னழுத்தம் சட்டென்று விழும். 'சார்ஜ் தீர்ந்தது' என்று நினைத்து கேமரா அணைந்துவிடும். 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று கைவிடுவது இதனால்தான். சார்ஜ் எங்கும் போய்விடவில்லை. சட்டைப் பையில் அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி போட்டால் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். 'காலி' என்று அணைந்த பேட்டரியைக் காலியானவற்றோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். வேறொரு பையில் சூடாக வைத்திருந்து ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

சார்ஜ் செய்வதில் தவறினால் இழப்பு நிரந்தரம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். பேட்டரி உறைநிலைக்குக் கீழே இருந்தால் அவற்றால் வேகமாக நுழைய முடியாது. கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசிபோல் வளர்ந்தால் உள்ளே குறுக்குமின்சுற்று ஏற்படும் ஆபத்தும் உண்டு. எனவே பேட்டரி, பவர் பேங்க் இரண்டும் கைக்கு இதமான சூட்டுக்கு வந்த பிறகே இணைக்க வேண்டும். சாப்பாட்டை மூடிவைக்கும் வெப்பப் பை ஒன்றில் பேட்டரிகளை வைத்து, வெந்நீர் நிரப்பி இறுக மூடிய எஃகு பாட்டிலை ஒரு கம்பளிக் காலுறைக்குள் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். அரை மணியில் பேட்டரிகள் தயாராகிவிடும். மாலையில் விழித்திருக்கும்போதே சார்ஜ் செய்து முடித்துவிடுங்கள். ஸ்லீப்பிங் பேக்குக்குள் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது தீ விபத்தை அழைப்பதாகும். சார்ஜ் ஏறிய பேட்டரிகள் இரவில் உங்களோடு உறங்கலாம். முனைகளுக்கு மூடி போட்டிருக்க வேண்டும். சாவி, சில்லறை இருக்கும் பையில் அவை கூடாது.

எத்தனை பேட்டரி? பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலை அளக்கும் வாட்-மணியில் கணக்குப் போட்டால் குழப்பம் வராது. சோனியின் முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராக்கள் பலவற்றில் வரும் எஃப்இசட்100 பேட்டரி 16.4 வாட்-மணி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. மின்னழுத்த மாற்றத்திலும் சார்ஜரிலும் கால்பங்கு வீணாகும் என்று கொண்டால் மிஞ்சும் 55-இல் மூன்று பேட்டரிகளை நிரப்பலாம். குளிரில் ஒரு நாள் படப்பிடிப்புக்கு மூன்று பேட்டரி வேண்டும் என்று வைத்தால், ஆறு நாளுக்குப் பதினெட்டு. ஆறு பேட்டரியும் நான்கு பவர் பேங்கும் இருந்தால் அந்தப் பதினெட்டு கிடைத்துவிடும். ஆக்‌ஷன் கேமராவுக்குத் தனிக் கணக்கு. அதன் பேட்டரி சிறியது, உடல் சிறியது. சூட்டை வேகமாக இழக்கும். விமானத்தில் உபரி பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்டதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. சோலார் தகட்டை நம்பிப் போகாதீர்கள்: பள்ளத்தாக்கு ஆழமானது, ஆற்றின் மேல் வெயில் விழும் நேரம் மிகக் குறைவு.

கையைச் சூடாக்க விற்கும் சூட்டுப் பொட்டலங்களைப் (ஹேண்ட் வார்மர்) பற்றி ஒரு வார்த்தை. அவற்றுக்குள் இருக்கும் இரும்புத் தூள் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போதுதான் வெப்பம் வருகிறது. ஜிப் பைக்குள் பேட்டரியோடு சேர்த்து மூடினால் ஆக்ஸிஜன் தீர்ந்து ஆறிவிடும். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லடாக்கின் லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. அங்கே பொட்டலம் கொஞ்சம் மந்தமாகவே சுடும். காற்றுப் புகும் துணிப்பைதான் அதற்கு ஏற்றது.

இனி நீராவி. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவி வரை தாங்கும். −20 டிகிரியில் ஒரு கிராம்கூடத் தாங்குவது கடினம். நாள் முழுக்கக் குளிரில் கிடந்த கேமராவை, தேநீர் கொதிக்கும் சமையல் கூடாரத்துக்குள் கொண்டுவந்தால், அதைத் தொடும் காற்று குளிர்ந்து தன் நீரைக் கேமரா மீதே இறக்கும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போலத்தான். வெளியே வியர்த்தால் துடைத்துவிடலாம். லென்ஸின் உள்கண்ணாடியிலும் சென்சார் மேலும் படிந்தால் என்ன செய்வது? அந்த ஈரத்தோடு மறுபடி வெளியே போனால் அது உறைந்து ஃபோகஸ் வளையத்தையும் பொத்தான்களையும் பூட்டிவிடும். ஜாக்கெட்டுக்குள் கேமராவை வைப்பதும் இதே தவறு. நடக்கும் உடம்பு வியர்வை ஆவியை விட்டுக்கொண்டே இருக்கிறது.

தீர்வு எளியது. கூடாரத்துக்குள் நுழையும் முன், வெளியிலேயே, கேமராவைத் தடித்த ஜிப் பைக்குள் போட்டு காற்றைப் பிதுக்கி மூடுங்கள். பேட்டரியையும் கார்டையும் முன்பே எடுத்துவிட வேண்டும், அவை உள்ளே தேவைப்படும். பைக்குள் சிக்கிய குளிர்ந்த காற்றில் நீராவி அனேகமாக இல்லை. பையின் வெளிப்புறம் வேண்டுமானால் வியர்க்கட்டும். உள்ளே இருப்பது அறை வெப்பநிலைக்கு வர இரண்டு மூன்று மணி நேரமாகும். அதுவரை திறக்கக் கூடாது. கேமராவை வெளிக் கூடாரத்தின் குளிரிலேயே பைக்குள் விட்டுவிட்டு பேட்டரியோடு உள்ளே போவது அதைவிட நல்லது.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜனவரியில்கூடக் கடலோரக் காற்றில் கன மீட்டருக்குப் பதினைந்து கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். அந்தக் காற்றோடு லென்ஸைப் பைக்குள் மூடி எடுத்துப்போனால், லேயில் அந்த நீர் பைக்குள்ளேயே உறையும். சிலிக்கா ஜெல்லை நூற்றிருபது டிகிரி அடுப்பில் சில மணி நேரம் காயவைத்து, பாடியோடும் லென்ஸ்களோடும் காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்காக எப்படியும் லேயில் சில நாள் தங்க வேண்டும். அந்த நாட்களில் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே திறந்துவைத்து, அங்கத்திய வறண்ட காற்றோடு மூடிக்கொள்ளலாம்.

லென்ஸ் அதிகம் வேண்டாம். குறுகிய பள்ளத்தாக்குக்கு 16–35 மி.மீ. ஜூம், மற்ற எல்லாவற்றுக்கும் 24–105 மி.மீ. இரண்டு பாடியில் இரண்டையும் மாட்டிவிட்டுக் கழற்றாமலே நடந்தால் பனித்தூள் சென்சாரைத் தொடாது. வெயில் விழும் பனி மிகப் பிரகாசமானது. நொடிக்கு 25 சட்டக வீடியோவில் அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டர் 1/50 இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 5.6 என்றால் வெளிச்சம் 1/1600 கேட்கும். ஐந்து ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு). ஒளியை 32-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி32 வடிகட்டி அதைச் சரிக்கட்டும். ஐஎஸ்ஓ 800-இல் லாக் முறையில் (பிறகு நிறம் திருத்த வசதியாகத் தட்டையாகப் பதியும் முறை) எடுப்பவருக்கு என்டி256 வேண்டும். கேமராவின் ஒளிமானி எதையும் நடுச்சாம்பலாகவே கருதும் என்பதால் பனி அழுக்குச் சாம்பலாக விழும். புகைப்படத்தில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டி வைத்து, ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுழலும் ஹார்டு டிஸ்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதன் வாசிப்புத் தலை தட்டின் மேல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. காற்று மெலிந்தால் தலை தாழ்ந்து தட்டில் உரசும். பெரும்பாலான டிஸ்குகளுக்கு இயக்க உயர வரம்பு சுமார் 3,000 மீட்டர். லேயே அதைத் தாண்டிவிடுகிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி எடுங்கள். 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேர வீடியோ 45 ஜிபி. நாளுக்கு இரண்டு மணி என்றால் ஆறு நாளுக்கு 540 ஜிபி. இரண்டு பிரதிக்கு 1 டிபி எஸ்எஸ்டி இரண்டு. இரண்டும் ஒரே பையில் போகக் கூடாது.

ட்ரோன் பறக்கவிட நினைப்பவர் முதலில், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் குறைவு. அதே எடையைத் தூக்க இறக்கை ஏறத்தாழ 18 சதவீதம் வேகமாகச் சுழல வேண்டும். குளிர்ந்த பேட்டரியும் சேர்ந்தால் பறக்கும் நேரம் வெகுவாகச் சுருங்கும். சூடான பேட்டரியைப் போட்டு, தரையிலிருந்து சற்று மேலே ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்த பிறகே ஏற்றுங்கள். சாட்டிலைட் போனும் செயற்கைக்கோள் செய்திக் கருவியும் இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். படப்பிடிப்புச் சாமான்களோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

சுமைகள் சறுக்குப் பலகையில் இழுத்து வரப்படும். பனி மெலிந்த இடத்தில் பலகை நனையும், கவிழும். ஆகவே உருட்டி மூடும் நீர்புகாப் பை, அதற்குள் பஞ்சு அறைகள், ஒவ்வொரு பாடிக்கும் தனிப் பை. ஒரு பாடி, ஒரு லென்ஸ், அன்றைக்கான பேட்டரிகள், கார்டுகள் ஆகியவை சறுக்குப் பலகையில் ஏறாமல் உங்கள் உடம்போடு வரட்டும். அலுமினிய ட்ரைபாடின் மேல்கால்களில் பஞ்சுக் குழாய் சுற்றுங்கள். வெறுங்கை உலோகத்தில் பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் அடிக்குப் பதில் கூர்முனை வேண்டும். நனைந்த காலை மடக்கினால் பூட்டுக்குள் தண்ணீர் உறைந்து மறுநாள் காலையில் திறக்காது. துடைத்து, நீட்டியபடியே ஒரு முறை உதறிய பிறகு மடக்குங்கள். லென்ஸ் மேல் விழுந்த பனியை வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் கண்ணாடியிலேயே உறைந்துவிடும், பிறகு துணியால் தேய்த்தாலும் போகாது. மென்தூரிகையும் ரப்பர் ஊதியும் கழுத்துப்பட்டையிலேயே கட்டித் தொங்கட்டும்.